அத்தை மகளின் கண்ணுக்குள் ஒளிர்ந்த புள்ளிகள்

என் போன் கேலரியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "நிலாவா?" என்றுதான் கேட்கிறார்கள். அது என் அத்தை மகளின் வலது விழித்திரை.

ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் போர்டு தெரியவில்லை என்றாள். ஒன்றரை வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றியாயிற்று. ஒரு கண்ணாடிக் கடையில், "பவரெல்லாம் சரியா இருக்கு, பொண்ணு படிக்கச் சோம்பல்பட்டு நடிக்குது" என்றே சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு வேறு குறை. முகம் பார்த்துப் பேச மாட்டாளாம், திமிராம். நேராகப் பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் மங்கிவிடும், சற்றே பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும் என்று அவள் ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள். அதற்கப்புறம்தான் விழித்திரை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். துணைக்குப் போனது நான்.

சொட்டு மருந்து விட்டு பாப்பாவை விரிய வைத்தார்கள். இருட்டறையில் தாடையை வைத்து உட்காரச் சொல்லி, நீல ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். ஊசி இல்லை, சாயம் இல்லை, சில நிமிட வேலை. இதற்கு 'ஆட்டோஃப்ளோரசென்ஸ்' என்று பெயர். கண் தானாகவே ஒளிர்வதைப் படம் பிடிப்பது.

எது ஒளிர்கிறது? நம் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் தினமும் தங்கள் நுனியைக் கொஞ்சம் உதிர்க்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நிறமி செல்கள் அதை விழுங்கிச் செரிக்கின்றன. செரிக்காமல் மிஞ்சுகிற கசடுதான் லிப்போஃபஸின் என்ற நிறமி. வயதாக ஆக எல்லோருக்கும் கொஞ்சம் சேரும். நீல ஒளி பட்டால் அது மினுங்கும். அதிகமாகச் சேர்ந்த இடம் படத்தில் வெள்ளை. அந்த செல்லே செத்துப்போன இடம் கறுப்பு. வயதானவர்களின் விழித்திரைத் தேய்மானம் எந்தப் பக்கம் பரவுகிறது என்பதையும் இந்தப் படங்களை வருடா வருடம் ஒப்பிட்டுத்தான் கணிக்கிறார்கள்.

அத்தை மகளுக்கு வயது பதினாறு. அவள் படத்தில் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, அதைச் சுற்றி இறைத்துவிட்ட அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

ஸ்டார்கார்ட் நோய் என்றார் டாக்டர். 1909-ல் இதைப் பதிவு செய்த ஜெர்மன் கண் மருத்துவர் கார்ல் ஸ்டார்கார்டின் பெயர். பெரும்பாலும் ஏபிசிஏ4 என்ற மரபணுப் பழுதுதான் காரணம். நாம் பார்க்கும்போது வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் கழிவை அப்புறப்படுத்துவது அந்த மரபணுவின் வேலை. அது நடக்காததால் கசடு சின்ன வயதிலேயே குவிகிறது.

அத்தை அன்று கேட்ட ஒரே கேள்வி, "தினமும் மீன் எண்ணெய் மாத்திரை குடுக்கிறேனே டாக்டர், கண்ணுக்கு நல்லதுன்னு?" முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னார். இந்த நோயில் வைட்டமின் ஏ மாத்திரைகள் கசடைக் கூட்டக்கூடும். கேரட்டும் கீரையும் வழக்கம்போலச் சாப்பிடலாம். பொன்னாங்கண்ணியை நிறுத்த வேண்டியதில்லை என்றதும் அத்தை முகத்தில் ஒரு நிம்மதி. குணமாக்கும் மருந்து இப்போதைக்கு இல்லை என்பதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

அவள் வாங்கிக்கொண்டாள். "முழுசா இருட்டாயிடுமா?" என்று கேட்டாள். பக்கவாட்டுப் பார்வை பொதுவாகத் தங்கிவிடும் என்றார். இப்போது போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறாள். பொதுத்தேர்வுக்கு, சொல்வதைக் கேட்டு எழுதும் உதவியாளர் வைக்க விண்ணப்பித்திருக்கிறோம். திமிர் என்று சொன்ன சித்தப்பாவிடம் அந்தக் கண் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அத்தை கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை, அதாவது என் பாட்டியின் தம்பியை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவிகித வாய்ப்பு. அவள் அண்ணனுக்குக் கண் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அவன் ஒரு பிரதியைச் சுமந்துகொண்டிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. பழுது பாட்டி வழியாக வந்திருந்தால், என்னிடம் இருக்க நான்கில் ஒரு பங்கு.

அந்த அண்ணன்தான் எனக்கு முறை மாப்பிள்ளை. நான் பிறந்தபோதே பேசி வைத்தது. எனக்கும் அவனைப் பிடிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

மரபணு ஆலோசகர் இருவரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார். "கண்ணுல வர்ற நோய்க்கு ரத்தத்துல என்னம்மா டெஸ்ட்டு?" என்று அப்பா எரிச்சல்பட்டார். பேனாவை எடுத்து, பாட்டியிலிருந்து தொடங்கி ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து காட்டினேன். என் பெயர் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது. மறுநாள் அவரே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் லேபில் விட்டார்.

ரிசல்ட் வர சில வாரங்கள் ஆகும். நேற்று அத்தை போன் செய்து, "தை பொறந்ததும் ஜாதகத்தை எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட் வரட்டும் அத்தை" என்று சொல்லியிருக்கிறேன்.