உறைபனியும் விண்பனியும்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். காந்தல், தலைகுந்தா முதலிய தாழ்ந்த இடங்களில் விடியற்காலையில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். காண வந்தோர்க்கு அது கண்கொள்ளாக் காட்சி. தேயிலை பயிரிட்டவர்க்கோ வயிறெரியும் காட்சி. கொழுந்து கருகினால் கொய்வோர்க்கும் வேலை இல்லை.

'விழும்' என்பது நம் வழக்கே. உண்மையில் அது விழுவதன்று. காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே, குளிர்ந்த புல்லின்மேல் பனிக்கட்டியாகப் படிகிறது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட இருளில் மிதக்கும் நுண்ணிய தூசிகளின்மேலும் பனிக்கட்டி படிந்துள்ளது. அத்தகைய தூசியும் வாயுவும் திரண்டே, ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் சூரியக் குடும்பம் தோன்றிற்று.

உதகைக்கு அருகே முத்தோரையில் 1970ஆம் ஆண்டு அமைந்த வானொலித் தொலைநோக்கியை நான் பன்முறை நின்று பார்த்ததுண்டு. 530 மீட்டர் நீளமுள்ள அக்கருவி விண்ணின் மெல்லிய அலைகளைக் கேட்கிறது. ஆயினும் கேட்பது வேறு, தொட்டுப் பார்ப்பது வேறு. விண்முகிலை ஆய்வுக்கூடத்திற்குக் கொணர இயலாது. அதன் குளிரையும் வெறுமையையும் அங்கே படைத்துக்கொள்ளலாம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவர் குழுவினரும் அதைச் செய்தனர். காற்றை ஏறக்குறைய முற்றிலும் வெளியேற்றிய கலத்தில், கடுங்குளிரூட்டிய உலோகப் பரப்பின்மேல் நீராவியையும் மீத்தேனையும் மெல்லிய படலமாகப் படியவிட்டனர். குளிர் எவ்வளவு தெரியுமா? சுழியத்திற்குக் கீழே 243 பாகை செல்சியசு! நம் உறைபனி அதன்முன் வெந்நீர் எனலாம்.

நீர் மூலக்கூறுகள் கூடுபோல் இணைந்து, வாயுவைத் தம்முள் சிறைவைப்பதுண்டு. கடலடியில், மிகுந்த அழுத்தத்தில், இத்தகைய கூடுகள் இருப்பது முன்பே தெரிந்ததுதான். அழுத்தமே இல்லாத விண்வெளியில் அவை உண்டாகுமா என்பதே கேள்வி. குழுவினர் பொறுமையாகக் காத்திருந்து, அகச்சிவப்புக் கதிரால் படலத்தை ஆராய்ந்தனர். கூடுகள் தோன்றின என்று 2019ஆம் ஆண்டு அறிவித்தனர். கரியமில வாயுவும் இன்னும் கடுங்குளிரில் அவ்வாறு சிறைப்பட்டதாம். அஃது உண்மையாயின், வால்மீன்களும் இளங்கோள்களும் எந்த வாயுக்களை எவ்வாறு சுமந்து வந்தன என்னும் கணக்கே மாறக்கூடும்.

எனவேதான் எதிர்ப்பும் உடனே எழுந்தது. அமெரிக்க ஆய்வாளர் சிலர், அச்சான்று போதாது என அதே ஆண்டில், அதே இதழில் எழுதினர். சென்னைக் குழுவினர் மறுமொழி தந்தனர். வழக்கு பெரும்பாலும் காலத்தைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் கிடைப்பவை சில நாள்களே. விண்முகிலுக்கோ பல இலட்சம் ஆண்டுகள் உண்டு.