இருபது சென்ட் மரியாதை!

"மாமா, உனக்கு யாரு பிடிக்கும்?"

மெல்போர்னில் அக்கா வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்து, ஷூ லேஸைக்கூட அவிழ்க்கவில்லை. ஒன்பது வயது மருமகன் கேட்ட முதல் கேள்வி இது. உள்ளே காபி தயாராகிக் கொண்டிருந்ததால், "உங்கம்மாவைத்தான்டா" என்றேன்.

பையன் தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ, அது இல்ல. புல்டாக்ஸ்ல யாரைப் பிடிக்கும்?"

நாய்களில் எனக்கு ராஜபாளையத்தை மட்டும்தான் தெரியும் என்று சொல்லப்போனேன். அதற்குள் அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "டேய், யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லி வை. இந்த ஏரியாவுல அது இல்லாம இருந்தா ரேஷன் கார்டு இல்லாத மாதிரி!"

2024-ல் மூன்று மாதம் அக்கா வீட்டில் டேரா போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம். செல்லப் பெயர் 'ஃபூட்டி'. மைதானம் நம் கிரிக்கெட் மைதானம் மாதிரி நீள்வட்டம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்து கோழிமுட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையில் பிடிக்கலாம், ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றி எகிறிக்கூடப் பிடிக்கலாம். (நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்குப் பயிற்சியே தேவையில்லை!)

ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 பாயின்ட். குறி தப்பி ஓரக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் போனால்கூட 1 பாயின்ட் உண்டு. தப்பாகப் போட்டதற்கும் ஒரு மார்க்! இந்த ஏற்பாடு நம் யுனிவர்சிட்டியில் இருந்திருந்தால் நான் காஸ்ட் அக்கவுன்டன்ஸியில் அரியர் வைத்திருக்கவே மாட்டேன்.

அக்கா இருப்பது ஊரின் மேற்குப் பக்கம். ஒரு காலத்தில் ஃபேக்டரித் தொழிலாளிகள் நிறைந்த பகுதி. அங்கே ஃபுட்ஸ்க்ரே என்று ஒரு பேட்டை. அந்தப் பேட்டையின் டீம்தான் புல்டாக்ஸ். 1925-ல் பெரிய லீக்கில் சேர்ந்தது. 1997 முதல் பெயர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ்.

நான் பி.காம். எதையும் டெபிட், கிரெடிட்டாகப் பார்த்தே பழக்கம். "அத்தான், இதுவரை எத்தனை கோப்பை ஜெயிச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஆண்கள் டீம் ரெண்டு. 1954, அப்புறம் 2016."

"நடுவுல 62 வருஷம்?"

"காத்துக்கிட்டிருந்தாங்க" என்றார் அத்தான், பஸ் ஸ்டாப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

62 வருஷம் டிவிடெண்ட் தராத கம்பெனியின் ஷேரை நம்மில் யார் வைத்திருப்போம்? நீங்களே சொல்லுங்கள். அங்கே அப்பா மகனுக்கு, மகன் பேரனுக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வயது 78. சனிக்கிழமைகளில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வேலியோரம் நிற்பார். என்னை 'மேட்' என்பார். நம் ஊர் 'தம்பி'தான். அவர் உச்சரிப்பு பாதி புரியாது. மருமகன் துபாஷி வேலை பார்ப்பான்.

அவரிடம் பையனின் கேள்வியையே கேட்டேன். உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?

"டெட் விட்டன்" என்றார் யோசிக்காமல். 1954 ஃபைனலுக்கு எட்டு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனாராம். மெல்போர்ன் டீமை 102-க்கு 51 என்று சரிபாதியாக நறுக்கினார்கள். அந்த டீமில் விட்டனுக்கு 21 வயது. பிறகு 1970 வரை இந்த ஒரே கிளப்புக்கு 321 ஆட்டங்கள். அந்த ஊரில் 'மிஸ்டர் ஃபுட்பால்' என்றால் அவர்தான்.

"அவர் போட்ட கோல் ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

பெரியவர் தலையாட்டினார். அவருக்கு ஞாபகம் இருப்பது வேறு. 1995 ஜூன். விட்டனுக்குப் புற்றுநோய். கண் பார்வை போய்விட்டது. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு காரில், மகன் பக்கத்தில் இருக்க, அவரை ஒரு சுற்று அழைத்து வந்தார்கள். மைதானமே எழுந்து நின்றது. அவருக்குக் கூட்டம் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். அதனால் ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்களாம். அந்த ஆகஸ்டில் விட்டன் இறந்துபோனார். ஃபுட்ஸ்க்ரேயில் அந்த கிளப்பின் மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்.

பெரியவர் மஃப்ளரால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர்தான் காரணம் என்றார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு இதே வேலையாகிவிட்டது. பார்க்கிறவர்களையெல்லாம் 'யாரைப் பிடிக்கும்?' என்று கேட்க ஆரம்பித்தேன். பதில்கள்தான் என் பி.காம். மூளையைக் குழப்பின.

பெரியவரின் மகளுக்குப் பாப் மர்ஃபி. 312 ஆட்டம் ஆடியவர். 2016-ல் அவர்தான் கேப்டன். சீசன் ஆரம்பித்து மூன்றாவது ரவுண்டிலேயே முழங்கால் போய்விட்டது. பாக்கி வருஷம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். 62 வருஷம் காத்திருந்த கோப்பை அந்த வருஷம்தானா வரவேண்டும்? அக்டோபர் 1, ஃபைனல். சிட்னியை 89-67 என்று ஜெயித்தார்கள். மேடையில் கோச் லூக் பெவரிட்ஜ் தனக்குக் கொடுத்த மெடலைக் கழற்றினார். மர்ஃபியை மேலே கூப்பிட்டு அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். "அந்த வருஷம் ஆடி ஜெயிச்சவங்க 22 பேர். ஆனா எனக்கு ஆடாதவரைத்தான் பிடிக்கும்" என்றார் அந்தப் பெண்மணி.

அக்காவுக்கு ஆட்டமே புரியாது. ஆனால் அவளுக்கும் ஒருத்தர் உண்டு. டோனி லிபரட்டோரே என்று 163 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குட்டி மனிதர். 1990-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் மெடல் வாங்கியவர். 283 ஆட்டம், ஒரு கோப்பைகூட இல்லை. அவர் மகன் டாம் 2016 டீமில் இருந்தார். "அப்பாவுக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைச்சுது பாரு. அதனால எனக்கு டாம்தான்" என்றாள் அக்கா. இதற்கு ரூல்ஸ் தெரியவேண்டிய அவசியமில்லைதான்.

மருமகனுக்கு மார்கஸ் பான்டெம்பெல்லி. 4-ம் நம்பர். 20 வயதில் 2016 கோப்பை, 2020 முதல் கேப்டன். பையன் தூங்கும்போதும் 4-ம் நம்பர் பனியனைக் கழற்றுவதில்லை. அக்கா அதைத் துவைப்பதற்குத் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்துவாள்.

கடைசியாக அத்தானைக் கேட்டேன். அவர் மட்டும் பெயரைச் சொல்லாமல் பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேஜையில் வைத்தார். 20 சென்ட்.

சென்ட் என்றதும் எனக்குத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் மனை விலைதான் ஞாபகம் வந்தது. அத்தான் கதையைச் சொன்னார்.

கிறிஸ் கிராண்ட் என்று ஓர் ஆட்டக்காரர். விட்டன் போட்ட அதே 3-ம் நம்பர் பனியன். அப்போது கிளப் நிலைமை சுகமில்லை. 1989-லேயே கடன் தாங்காமல் இன்னொரு கிளப்போடு இணைத்துவிடப் பார்த்தார்கள். ஜனங்கள் வீடு வீடாக உண்டியல் குலுக்கிக் காப்பாற்றிய டீம் அது. (ஆடிட்டர் பாஷையில் 'கோயிங் கன்சர்ன்' சந்தேகம். ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் அதை உண்டியலால் தீர்த்துவைத்தார்கள்!)

1996-ல், அடுத்த வருஷம் லீக்கில் நுழையவிருந்த போர்ட் அடிலெய்ட் கிளப், கிராண்டுக்குப் பெரிய தொகை பேசியது. போவாரா, மாட்டாரா என்று ஊரே பதறிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு சின்னப் பையன் அவருக்குக் கடிதம் எழுதினான். போகாதீங்க என்று. கூடவே 20 சென்ட் வைத்து அனுப்பினான்.

கிராண்ட் போகவில்லை. இந்த கிளப்புக்கே மொத்தம் 341 ஆட்டம் ஆடி, 2007-ல் ஓய்வு பெற்றார்.

"கோப்பை?" என்றேன்.

"கிடைக்கலை. 1997-ல செமி ஃபைனல் மாதிரியான ஆட்டத்துல ரெண்டே பாயின்ட்ல போச்சு. அதே வருஷம் பெஸ்ட் பிளேயர் ஓட்டு அவருக்குத்தான் அதிகம். ஆனா ஒரு ஆட்டம் சஸ்பெண்ட் ஆனதால மெடல் தரலை."

"அப்ப முழு நஷ்டம்னு சொல்லுங்க."

அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ பி.காம்.தானே? குட்வில்லை எந்தப் பக்கம் எழுதுவே?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், எனக்கும் ஒருத்தர் இருபது சென்ட் கொடுத்திருக்கிறார்.

பன்னிரண்டு வருஷம் முன்பு, திருநெல்வேலியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நான்கு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஹெட் கிளார்க் ஓர் அண்ணாச்சி. பி.காம். எனக்குக் கொடுத்தது சர்டிபிகேட். கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அண்ணாச்சி. சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு ஆர்டர் வந்தது, உடனே சேரவேண்டும் என்று. அது செப்டம்பர் மாதம். 30-ம் தேதி வரி ஆடிட் கெடு. மேஜையில் என் ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன. நான் என்ன செய்தேன்? 'பாட்டிக்கு சீரியஸ்' என்று லீவ் லெட்டர் வைத்துவிட்டு, ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். (அந்தப் பாட்டி ஏற்கெனவே இரண்டு தடவை லீவ் லெட்டரில் இறந்தவர்.)

பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஜன்னலோரம் அண்ணாச்சி வந்து நின்றார். கையில் நான் டிராயரில் விட்டுவந்த கால்குலேட்டரும் டிபன் பாக்ஸும். ஒரு கவரையும் கொடுத்தார். உள்ளே 101 ரூபாய். "மெட்ராஸ்ல முத நாள் செலவுக்கு வச்சுக்கோடே" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "பாட்டி எப்படி இருக்காங்க?"

முகத்தில் சிரிப்பே இல்லை. பஸ் கிளம்பிவிட்டது. வெட்கத்தில் அன்றைக்கு போன் செய்யவில்லை. அடுத்த வாரம் செய்யலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் அந்தச் சென்னை வேலையையும் விட்டு, இப்படிப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கவும் வந்துவிட்டேன்.

மறுநாள் மெல்போர்னில் ராத்திரி பத்து மணி. நம் ஊரில் மாலை ஐந்தரை. பழைய சிநேகிதனிடம் நம்பர் வாங்கிப் போன் போட்டேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் மௌனம். பிறகு அதே குரல்:

"பாட்டி சௌக்கியமாடே?"

நான் சிரித்தேனா, அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. ரொம்ப நேரம் சுற்றிவளைத்து விட்டுக் கடைசியில் கேட்டேன். "அண்ணாச்சி, அந்த செப்டம்பர்ல என் ஃபைலையெல்லாம் யாரு முடிச்சா?"

"நாந்தாம். நாப்பத்தோரு பார்ட்டி. மக வளைகாப்புக்குப் போக முடியல. 30-ம் தேதி ராத்திரி முடிஞ்சிட்டு." லெட்ஜரில் என்ட்ரி படிப்பதுபோல் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "அத அன்னைக்கே ரைட் ஆஃப் பண்ணியாச்சு. நீ சாப்ட்டியா?"

ஆபீஸ் போகும் தம்பிகளே, வேலை மாறாதீர்கள் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. வாடகை, தங்கை கல்யாணம், எல்லாம் எனக்கும் தெரியும். அந்த கிளப்பிலேயே டக் ஹாக்கின்ஸ் என்பவர் 329 ஆட்டம் ஆடிவிட்டு 1995-ல் வேறு கிளப்புக்குப் போய் ஆடினார். ஆனாலும் பழைய மைதானத்தின் ஒரு பக்கத்தை ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். போகலாம். போகிறபோது ஃபைலை ஒப்படைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம். அதற்குச் சம்பளம் குறையாது.

மறுநாள் காலை மருமகனிடம் சொன்னேன். "எனக்கு கிறிஸ் கிராண்ட் பிடிக்கும்டா."

"அவர் ஆடி நீ பாத்ததே இல்லியே மாமா!"

"ஆமாண்டா. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அவர் மாதிரியே இருப்பாரு."

ஊர் திரும்பியதும் நேரே திருநெல்வேலி போனேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க வெள்ளை. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். அத்தான் கொடுத்த 20 சென்ட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, கதையைச் சொன்னேன். நாணயத்தில் வாத்து மூக்கோடு நீந்தும் பிளாட்டிபஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்மூர்க் காசுக்கு இது எம்புட்டுடே?"

"சுமாரா பதினோரு ரூபா அண்ணாச்சி."

அதை மடித்து வைத்திருந்த துண்டில் பத்திரமாக முடிந்துகொண்டார். மனசு நெகிழ்ந்துபோய் நான் நிற்க, அண்ணாச்சி சொன்னார்:

"அப்ப பாக்கி தொண்ணூறு ரூவா!"