கடைத்தெருவில் ஒரு சின்னச் சீசா

பினாங்குக்குப் போய் வராத தோட்டத்துக் குடும்பம் நம் வட்டாரத்தில் உண்டா? தைப்பூசத்துக்கு ஒருமுறை போவோம். தீபாவளித் துணிமணிக்கு ஒருமுறை போவோம். வீட்டில் கல்யாணம் என்றால் தாலிக்கும் கூறைச் சேலைக்கும் போகாமல் தீராது. பட்டர்வொர்த்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பெரி ஏறினால், கடற்காற்று வாங்கி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தப் பெரிய பெரி இப்போது இல்லை. 2023 முதல் சின்னப் படகுகள்தாம் ஓடுகின்றன. ஆனாலும் கரையேறிக் கொஞ்ச தூரம் நடந்தால் மல்லிகை மணமும் மசாலா மணமும் முன்போலவேதான் நம்மை வரவேற்கின்றன.

அந்த இடத்தை இன்று எல்லாரும் லிட்டில் இந்தியா என்கிறோம். நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு மார்க்கெட் தெருதான் 'கடைத்தெரு'. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், குயின் தெருவில், 1833-இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தபோது, இந்தத் தெருக்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு கிடைத்தது. இவற்றையெல்லாம் நீங்கள் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது அந்தக் கடைத்தெருவில் நான் கண்ட ஒரு சின்னச் சீசாவைப் பற்றி.

அதற்கு முன் என் அறியாமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் எழுந்து, "டீச்சர், தம்பிப் பாப்பாவுக்குப் பாட்டி உரசிக் கொடுக்கிற ஜாதிக்காய் எந்த ஊர் மரத்துல காய்க்குது?" என்று கேட்டான். "கேரளாவில்" என்று சட்டென்று சொன்னேன். அது பொய்யல்ல, கேரளாவிலும் அது காய்க்கத்தான் செய்கிறது. ஆனால் நம் வாசலுக்கு எதிரே, ஒரு கடலிடுக்கைத் தாண்டினால் காய்த்துத் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தி என்ன பயன் என்று பிறகு வெட்கப்பட்டேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இப்போது முழங்கால் வலி. தைலம் வாங்கலாம் என்று மளிகைக் கடை ஒன்றில் நுழைந்தோம். ஒரு தட்டு முழுவதும் எண்ணெய் வகைகள். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் வரிசையாக இருந்தன. எள்ளின் நெய்தான் எண்ணெய் என்று ஆயிற்று என்பதை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவற்றுக்குப் பக்கத்தில் டின்னில் ஆலிவ் எண்ணெய்கூட இருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் உயரத்தில் சின்னச் சீசாக்கள்.

"இது என்ன தைலம்?" என்று அம்மா கேட்டார்.

"ஜாதிக்காய் எண்ணெய்ம்மா. மத்ததெல்லாம் கப்பல்ல வந்தது. இது மட்டும் இந்தத் தீவுலயே வெளைஞ்சது. மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவ்" என்றார் கடைக்காரர்.

அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "ஆயாக் கொட்டகை வாசம்" என்றார். பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு இருட்டோடு பிரட்டுக்கு ஓடிய காலம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அங்கே ஆயாவின் உரைகல்லில் எப்போதும் ஒரு ஜாதிக்காய் கிடக்குமாம்.

மறுநாள் அம்மாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பாலிக் பூலாவுக்குப் புறப்பட்டேன். படகுத்துறையிலிருந்தே பஸ் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடி வீடுகளும் கார் நெரிசலும் பின்தங்கியபின் பாதை மலையேறி வளைந்து வளைந்து இறங்குகிறது. பாலிக் பூலாவ் என்றால் தீவின் மறுபக்கம் என்று கொள்ளலாம். டுரியான், கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் அந்தச் சரிவுகளில் கலந்து நிற்கின்றன. கடைக்காரர் வழி சொல்லியிருந்த தோட்டம் ஒரு ஹக்கா சீனக் குடும்பத்துக்குரியது. தோட்டம் என்றதும் நம் செம்பனைத் தோட்டம்போல் கண்ணுக்கெட்டிய தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் சேர்த்து மூன்று ஏக்கர்தான். எழுபது வயதைத் தாண்டிய பெரியவரும் அவருடைய மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் ஆசிரியை என்றதும் பெரியவர் "வாங்க சிக்கு" என்று மலாயில் அழைத்து, மரத்தடிக்கே கூட்டிப் போனார். ஜாதிக்காய் மரம் பச்சைப் பசேலென்று, இலை அடர்ந்து நிற்கிறது. காய் சின்னக் கொய்யாப்பழம்போல் மஞ்சளாக இருக்கிறது. முற்றியதும் நடுவே பிளந்துகொள்கிறது. பிளவுக்குள் கறுப்பு ஓட்டைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வலை பின்னியதுபோல் ஒன்று தெரியும். அதுதான் ஜாதிபத்திரி. ஓட்டுக்குள் இருக்கும் பருப்புதான் நம் ஜாதிக்காய். ஆண்டு முழுவதும் ஏதாவது காய் இருக்குமாம். தினமும் காலையில் விழுந்ததைப் பொறுக்க வேண்டும், பிளந்ததை நீண்ட கழியால் பறிக்க வேண்டும். ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும்.

இந்த மரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரம் மட்டுமே. விதை போட்டு வளர்த்தால், பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. பூப்பதற்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் தண்ணீர் ஊற்றி, களை பறித்துக் காத்திருந்தபின், ஏறக்குறையப் பாதி மரங்கள் ஆணாக நிற்கும். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். மிச்சத்தை வெட்ட வேண்டியதுதான். இப்போது பெண் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் வந்துவிட்டன. பெரியவரின் அப்பா காலத்தில் அது கிடையாது. "அப்பா வெட்டிய ஆண் மரங்களை எண்ணினால் இன்னொரு தோட்டமே வந்திருக்கும்" என்று சிரித்தார்.

சரி, எண்ணெய் எப்படி வருகிறது? முதலில் ஓட்டோடு ஆறு முதல் எட்டு வாரம் காய வைக்கிறார்கள். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பிறகு ஓட்டை உடைத்துப் பருப்பைப் பிரிக்கிறார்கள். முழுசாக, அழகாக இருப்பவை கடைத்தெருவுக்குப் போகும். உடைந்ததும் சொத்தையும்தான் எண்ணெய்க்கு. இதில் வியப்பு என்ன தெரியுமா? பூச்சி அரித்த காயில்தான் வாசனை எண்ணெயின் விகிதம் கூடுதல். பூச்சி மாவையும் கொழுப்பையும் தின்றுவிட்டு, மணமுள்ள எண்ணெயை விட்டுவிடுகிறது. சொத்தையென்று ஒதுக்குவதற்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

இது செக்கில் ஆட்டுகிற வேலையன்று. பருப்பைக் கொரகொரப்பாக இடித்து, பெரிய கொப்பரையில் போட்டு, நீராவியில் வேக வைக்கிறார்கள். மணத்தைச் சுமந்துகொண்டு எழும் ஆவி, குளிர்ந்த தண்ணீருக்குள் ஓடும் குழாய் வழியாக வந்து மறுபடியும் நீராகிச் சொட்டுகிறது. அந்த நீரின் மேல் எண்ணெய் மிதக்கும். அதைப் பிரித்தெடுத்தால் தீர்ந்தது வேலை. மணிக்கணக்கில் அடுப்பைத் தணியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 கிலோ ஜாதிக்காயில் 5 முதல் 15 கிலோ வரைதான் இந்த எண்ணெய் இருக்கும். சூடாக்கி அழுத்திப் பிழிந்தால் வெண்ணெய்போல் உறையும் வேறொரு கொழுப்பும் கிடைக்கும். சதைப் பகுதியையும் வீணாக்குவதில்லை. சீனிப்பாகில் ஊற வைத்து மிட்டாய் செய்கிறார்கள், அரைத்துச் சாறும் எடுக்கிறார்கள். வெயிலில் போன எனக்கு அந்த அம்மாள் ஐஸ் போட்டுக் கொடுத்த ஜாதிக்காய்த் தண்ணீர் இன்னும் நாக்கில் இருக்கிறது.

கடையில் பார்த்த ஆலிவ் எண்ணெயும் இதற்கு உறவுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கிரேக்கம், இத்தாலி, பாலஸ்தீனம் போன்ற நாடுகளில் மலைச்சரிவில் சில ஏக்கர் ஆலிவ் மரங்களை வைத்து, தலைமுறை தலைமுறையாக எண்ணெய் எடுக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே பறித்த பழத்தை ஓரிரு நாளில் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இங்கே வாரக்கணக்கில் காயவிட வேண்டும். வேலை வேறு, பாடு ஒன்றுதான். அறுவடைக்கு வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றால்தான் கட்டுப்படியாகும். கூலிக்கு ஆள் வைத்தால் மிஞ்சாது.

பெரியவரின் கவலையும் அதுதான். பிள்ளைகள் மூவரும் வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். "நிலத்தை வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது, சிக்கு. நான் போனபின் இங்கே வீடுதான் முளைக்கும்" என்றார்.

ஜாதிக்காய் இந்தத் தீவின் பூர்வீக மரமன்று. அதன் தாயகம் இந்தோனேசியாவின் பந்தா தீவுகள். டச்சுக்காரர்கள் அந்த வாணிபத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று காயைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள் என்பார்கள். 1796-இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்ததும், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர வல்லுநர் கிறிஸ்டோபர் ஸ்மித் ஆயிரக்கணக்கான கன்றுகளைப் பினாங்குக்கு அனுப்பினார். குளுகோரில் டேவிட் பிரவுன் என்ற துரை ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் பெரிய தோட்டமே போட்டார். 1860-ஐ ஒட்டி நோய் கண்டு மரங்கள் பட்டுப்போயின. துரைமார்கள் கையை உதறிவிட்டுப் போனார்கள். பிறகு அதைப் பிடித்து நிறுத்தியவர்கள் இத்தகைய சிறு குடும்பத்தார்தாம்.

ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1840-களில், அக்கரையில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மரம் மாறியது, நாம் மாறாமல் உழைத்தோம். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்று வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, லயத்தைக் காலி செய்த அன்று, "எத்தனை ஆயிரம் மரம் வெட்டியிருப்பேன், என் மரம் என்று தொட ஒன்றுகூட இல்லையே" என்று ஒரு பாட்டி அழுததை நான் மறக்கவில்லை. பெரியவரிடம் மரம் இருக்கிறது, பார்க்கப் பிள்ளை இல்லை. நம்மிடம் பிள்ளைகள் இருந்தார்கள், மரம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இதே நினைப்பாக இருந்தது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஜாதிக்காய் நல்லதுதான், ஆனால் அளவு மீறினால் நஞ்சு. ஒரு முழுக் காயைப் பொடித்துத் தின்றால் பெரியவர்களுக்கே வாந்தியும் படபடப்பும் மனக்குழப்பமும் வரலாம். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. உரை மருந்து கொடுக்கும் வழக்கமுள்ள வீட்டார் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயை ஒருபோதும் வாயில் ஊற்றாதீர்கள், பிள்ளையின் முகத்தருகே தடவாதீர்கள். விற்பனைக்கு வரும் சீசாக்கள் பலவற்றில் வேறு எண்ணெய்களும் கலந்திருக்கும். சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பையனை அழைத்து, "நான் சொன்னது அரைகுறை பதில்" என்று ஒப்புக்கொண்டேன். பெரியவர் கொடுத்தனுப்பிய காயைப் பிளந்து, சிவப்பு வலையைக் காட்டினேன். வகுப்பே மூக்கை நீட்டியது. இரண்டு ஒட்டுக் கன்றுகளும் வாங்கி வந்திருந்தேன். ஒன்று பள்ளித் தோட்டத்தில் நிற்கிறது. பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இன்னொன்றை எங்கள் வீட்டுப் பின்புறத்தில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றபடியே, அம்மா தம் கையால் நட்டார். காய்க்கச் சில ஆண்டுகள் ஆகுமே என்றேன்.

"ஆகட்டும். நம்ம மரம்தானே" என்றார் அம்மா.

அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போகும்போது, அந்தச் சின்னச் சீசாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நேரமிருந்தால் பிள்ளைகளோடு மலைக்கு அந்தப் பக்கமும் ஒருமுறை போய் வாருங்கள்.