மலைநாட்டு வீட்டுக்குக் கடல் நிறம்

பழைய வீட்டில் குடியிருக்கும் சகோதரிகளே, இது உங்களுக்காக. புது வீடு கட்டி, டைல் பதித்து, கம்பெனி அட்டையைப் பார்த்து நிறம் தெரிவு செய்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை. சுவர் தடிப்பாக, யன்னல் சின்னதாக, மழைக்காலத்தில் அல்மாரிக்குள் இருக்கும் சாரியிலும் பூஞ்சணம் பிடிக்கின்ற வீடு, "இதை உடைத்துப்போட்டு கொங்கிரீட்டில் கட்டினால் என்ன?" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்கின்ற வீடு உங்களுக்கும் இருந்தால், தொடர்ந்து வாசியுங்கள்.

எங்கள் வீடு அக்குறணையில். கண்டியிலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீற்றர், மாத்தளை போகும் ஏ9 வீதியில் இருக்கிறது ஊர். இரண்டு பக்கமும் மலை, நடுவே பிங்கா ஓயா. காலை வெயில் மலையைத் தாண்டி வந்து சேர நேரமாகும். பின்னேரம் சீக்கிரமே போய்விடும். இந்த ஊரில் போய்க் கடற்கரை நிறத்தில் வீட்டை அலங்கரிப்பதா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் நானாவும் சிரித்தார்.

ஆசைப்பட்டவர் உம்மா. உம்மா பிறந்து வளர்ந்தது வெலிகமையில். கலியாணம் முடித்து மலைநாட்டுக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. வாப்பா மௌத்தாகி, உம்மாவின் இத்தா முடிந்த கையோடு வீட்டைப் பற்றிய பேச்சு எழுந்தது. உடைத்துவிட்டுக் கீழே இரண்டு கடை, மேலே வீடு என்று கட்டலாம், அதுவரைக்கும் உம்மா கொழும்பில் தன்னோடு இருக்கட்டும் என்பது நானாவின் யோசனை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஈரச் சுவரும் இருட்டு நடையும் உம்மாவின் இழுப்புக்கும் காலுக்கும் கூடாது என்பது உண்மைதானே. உம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "என்ட மையித்து இந்த வாசலால போகோணும்."

அதற்குள் உம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சை நடந்தது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிப்போகும். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல, முதலில் மங்கிப் போவது நீலம். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இது மெல்ல மெல்ல நடப்பதால் அவர்களுக்கே தெரிவதில்லை. பழைய வில்லையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்ததும் நீலம் பளிச்சென்று திரும்பி வந்துவிடும். கட்டு அவிழ்த்த அடுத்த நாள் உம்மா விறாந்தையில் நின்று வானத்தைப் பார்த்து சுப்ஹானல்லாஹ் சொன்னார். பிறகு உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்குக் கரும்பச்சை எனாமல், அதற்கு மேல் புகைபிடித்த கிறீம் நிறம். "இதுக்குள்ளயா நான் இவ்வளவு காலம் இருந்தேன்?" என்று கேட்டார். வெலிகம மணலும், கடலும், வள்ளத்துக்குப் பூசும் நிறங்களும் வேண்டும் என்றார்.

சகோதரிகளே, நிறம் தெரிவு செய்வது இதில் லேசான வேலை. கஷ்டம் எல்லாம் சுவரில்தான் இருந்தது. எனவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

நம் பகுதியின் பழைய வீடுகளில் பல மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. இந்தச் சுவர்கள் நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளியே விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய பாஸ்மார் சொல்வது இதைத்தான். அதன் மேல் எனாமலோ தடித்த பிளாஸ்டிக் பெயின்டோ அடித்தால் என்ன ஆகும்? ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பெயின்ட் கொப்புளித்து உரியும். உப்புப் பூத்துச் சாந்து பொடியாகக் கொட்டும். மறுபடி ஒரு கோட் அடிப்போம். அதுவும் இரண்டு மழைக்குத்தான் நிற்கும். எங்கள் கரும்பச்சைக்குக் கீழே அப்படி நான்கு நிறங்கள் இருந்தன. பிங்கா ஓயா பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்த வீடுகளில் இந்த விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தை உலுக்கியதே, அதற்குப் பிறகு கறையை மறைக்க அவசரப்பட்டுப் பெயின்ட் வாங்கியவர்கள் உண்டு. நனைந்த தடித்த சுவர் உள்ளே காய மாதங்கள் ஆகும். அதுவரை வெறும் சுவராக விடுவதே நல்லது. பார்க்க அழகில்லைதான், ஆனால் பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லது.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. இலங்கையில் பெயின்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு 2013இலிருந்துதான் சட்டப்படி வரம்பு வந்தது. அதற்கு முந்திய எனாமல்களில் ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்த சுவரைத் தேய்த்துத் தூசு பறக்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுங்கள். கர்ப்பிணிகளையும் சிறுபிள்ளைகளையும் அந்த நாட்களில் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுரண்டியதைக் கூட்டி அள்ளிக் கட்டி அகற்றுங்கள்; கறிவேப்பிலை மரத்தடியில் கொட்ட வேண்டாம்.

இனி சுண்ணாம்பு. நம் உம்மும்மாமார் பெருநாளைக்கு முன் அடித்த அதே வெள்ளைச் சுண்ணாம்புதான். தென்கரையில் ஒரு காலம் பவளப்பாறையை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். உம்மாவின் சிறுவயது வீடும் அந்தச் சுண்ணாம்பில் கட்டியதுதான். இப்போது பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். 2004 டிசம்பர் சுனாமியில், பாறையை வெட்டி எடுத்திருந்த இடங்களில் அலை கூடுதலாக உள்ளே புகுந்ததை ஹிக்கடுவைப் பக்கத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மலைநாட்டில் நமக்குக் கடலின் தயவு தேவையில்லை. திகனவிலும் மாத்தளைப் பக்கத்திலும் மலைக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அல்லாஹ் கரையோரத்துக்குக் கடலிலும் நமக்கு மலையிலும் வைத்திருக்கிறான்.

செய்முறை இது. நீறாத சுண்ணாம்பாக இருந்தால், பீப்பாயில் முதலில் தண்ணீரை ஊற்றி அதற்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை நல்லது. நாங்கள் ஒரு மாதம் விட்டோம். பிறகு துணியில் வடித்து, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டுப் பூச வேண்டும். தடிப்பாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லியதாக நான்கு கோட் மேல். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. "பாஸ், இது பிடிக்கவில்லையே" என்று பயந்துவிடுவீர்கள். காயக் காயத்தான் வெள்ளை எழும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது, அதற்கு நேரம் வேண்டும். எனாமல் மேல் இது ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். சுரண்டாமல் பூசினால் பணமும் உழைப்பும் வீண்.

நிறத்துக்கு ஹாட்வெயர் கடையில் மஞ்சள் காவியும் சிவப்புக் காவியும் தூளாகக் கிடைக்கும். மண்ணிலிருந்து வருபவை, சுண்ணாம்பின் காரத்துக்கு மங்காது. நீலத்துக்கு அல்ட்ராமரீன் தூள் என்று கேட்டு வாங்குங்கள், அதுவும் தாங்கும். போத்தலில் வரும் திரவ நீலம் வேண்டாம், அது சாயம், வெளிறிவிடும். சுண்ணாம்பின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூள் சேர்த்தால் சுவரைத் தொட்டவர் சட்டையெல்லாம் நிறமாகும். ஈரத்தில் காணும் நிறம் காய்ந்ததும் பாதிக்கு மேல் வெளுத்துவிடும், ஆகவே முதலில் ஒரு பலகையில் பூசிக் காயவைத்துப் பாருங்கள்.

மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்குத் தோதான காலம். இப்போது சில வருஷங்களாக நோன்பும் அந்த நாட்களை ஒட்டி வருவது நமக்கு வசதி.

இனி அழகுக்கு வருவோம். உம்மா முதலில் கேட்டது முன்ஹோல் முழுவதும் கடல் நீலம். ஒரு மூலையில் பூசிப் பார்த்தோம். வெலிகமையின் கண்கூசும் வெளிச்சத்தில் குளிர்ச்சியாகத் தெரிகின்ற அதே நீலம், அக்குறணையின் மூடுபனி வெளிச்சத்தில் ஈரச் சாம்பல் போல் இருந்தது! மலைநாட்டு இருட்டு வீட்டில் நீலத்தைச் சுவருக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் தீர்மானம். சுவருக்கு மணல் நிறம், அதாவது சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் காவி. கூரைப் பலகைக்கு வெள்ளை. சின்ன யன்னலால் வரும் வெளிச்சத்தை அது கீழே திருப்பி அனுப்பும். நீலம் கதவு நிலைக்கும் யன்னல் சட்டத்துக்கும். ஏற்கெனவே பெயின்ட் அடித்த மரத்துக்கு மட்டும் அதைக் கொடுத்தோம். வாப்பா செய்வித்த பலாமரக் கதவைத் தொடவில்லை. நல்ல பலாமரத்தின் மேல் பெயின்ட் அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

நீலச் சட்டம் அழகுக்காக மட்டுமல்ல. வயதானவர்களுக்கு, ஒரே நிறத்தில் கலந்து கிடக்கும் சுவரும் வாசலும் படியும் ஆபத்து. மணல் சுவரில் நீல நிலை இருந்தால் இரவில் பாத்ரூம் வாசல் எங்கே என்று தடவ வேண்டியதில்லை. குசினிக்கு இறங்கும் இரண்டு படிகளின் விளிம்பில் மஞ்சள் கோடு இழுத்தோம். சிவப்பு சிமெந்துத் தரையில் அது பளிச்சென்று தெரிகிறது. உம்மா இப்போது சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறார்.

கடற்கரை அலங்காரம் என்றதும் மீன் பொம்மை, பறவைச் சிலை, கடல்குதிரைப் படம் என்று கடைகளில் நிறைய உண்டு. உயிருள்ளவற்றின் உருவம் போட்ட திரையை ஆயிஷா நாயகி (ரலி) தொங்கவிட்டதும், நபிகள் நாயகம் (ஸல்) அதை விரும்பாததும், பிறகு நாயகி அதை வெட்டித் தலையணைகளாக்கியதும் நீங்கள் அறிந்த சம்பவம். எங்களுக்கு அதில் இரண்டு பாடம் கிடைத்தது. உருவங்களை வாங்கவில்லை. துணியையும் வீணாக்கவில்லை, உம்மாவின் பழைய நீலச் சாரிகள் இரண்டு யன்னல் திரையாகின, மிச்சம் கதிரைக் குஷன் உறையானது. பவளத்துண்டும் பெரிய சங்கும் வாங்கி அடுக்குவதும் வேண்டாம். அவை கடலில் இருக்கட்டும்.

பெரிய ஊர்களிலும் இந்தக் கதை உண்டு. தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் போ-காப் என்ற முஸ்லிம் குடியிருப்பு, மலையடிவாரத்தில் மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமுமாக நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகள் அங்கே வாழ்கிறார்கள். இலங்கையில் பத்து வருஷம் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த மக்காஸர் ஷெய்கு யூஸுப் அவர்களை ஒல்லாந்தர் 1694இல் அனுப்பியதும் அந்தக் கேப் பகுதிக்குத்தான். வாடகைக்கு இருந்தவரை வெள்ளையாகக் கிடந்த வீடுகளை, சொந்தமாக்கிக்கொண்ட பிறகே விரும்பிய நிறத்தில் பூசினார்கள் என்று அங்கே சொல்வார்கள். உம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "எனக்கு விளங்குது" என்றார். இந்த வீட்டுக்கு வந்து ஐம்பது வருஷத்தில் நிறம் எதுவென்று அவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமனார் சொன்னார், பிறகு வாப்பா சொன்னார், பிறகு பாஸ் கையிலிருந்த டின் தீர்மானித்தது.

நானா பெருநாளைக்குக் கொழும்பிலிருந்து வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பழைய புழுங்கல் வாடை இல்லை. கடைக் கட்டடத்தின் பிளானை அவர் கிழித்துவிடவில்லை. "இன்னும் ரெண்டு மழை பார்ப்போம்" என்றுதான் சொன்னார். நியாயம்தான். சுண்ணாம்புச் சுவருக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கோட் தேவைப்படும். அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. மலைப்பக்கச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு இப்போதும் ஈரம் ஏறுகிறது. வெளியே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினால்தான் அது நிற்கும், பூச்சால் நிற்காது.

குசினி இன்னும் பாக்கி. பீப்பாயில் அரைவாசி சுண்ணாம்பு மேலே தண்ணீர் நிற்க மூடி வைத்திருக்கிறது, அப்படி இருந்தால் கெடாது. உம்மா அதற்கு இளம் சிவப்பு வேண்டும் என்கிறார், அந்தி நேரத்து வெலிகம வானம் போல. சிவப்புக் காவியில் எவ்வளவு போட்டால் அது வரும் என்று மூன்று பலகைகளில் பூசி விறாந்தையில் காயவைத்திருக்கிறோம்.