அரக்னியின் அப்பா சாயக்காரர்

நெசவுக்காரி அரக்னியின் அப்பா சாயம் தோய்ப்பவர் என்று படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ரோமானியக் கவி ஓவிட் தன் ‘மெட்டமார்ஃபோசிஸ்’ ஆறாம் காண்டத்தில் சொல்கிறார்: கொலோஃபோன் ஊர்க்காரர் இட்மோன், கடல் சங்கிலிருந்து எடுத்த ஊதாச் சாயத்தில் கம்பளியைத் தோய்ப்பவர். சாயக்கழிவால் நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடியதைப் பார்த்தவள் நான். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் பூட்டிக் கிடந்ததையும் பார்த்தேன். எனக்கு இது வேற்றூர்க் கதையாகவே படவில்லை.

லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் சொல்ல, அரக்னி கதையைப் பாட்டாக எழுதத் தொடங்கினேன்.

அப்பன் கையில் ஊதாச் சாயம்,
மகளின் கையில் நூலின் மாயம்.

அதீனா தேவியோடு போட்டி போட்டு நெய்கிறாள் அரக்னி. தேவர்கள் பெண்களுக்குச் செய்த வஞ்சனைகளையே துணியில் காட்டுகிறாள். தேவி தேடியும் ஒரு குறை அகப்படவில்லை. கோபத்தில் துணியைக் கிழித்து, நெசவு நாடாவால் அவள் நெற்றியில் அடிக்கிறாள். அம்மா துணி செக்கிங் வேலையில் இருக்கும் ஒரு சிறுமி கேட்டாள்: “டேமேஜே இல்லாத பீஸை எதுக்குங்க்கா கிழிக்கோணும்?”

அடுத்தது அரக்னி கயிற்றில் தொங்குவது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பாடுவது? முதலில் விட்டுவிட்டேன், அவமானப்பட்டவள் சட்டென்று சிலந்தியானாள். படித்தால் செப்படி வித்தை போல் இருந்தது. அவள் வலி போய்விட்டது.

காங்கேயம் பக்கம் சிறுவயதில் கேட்ட அண்ணன்மார் கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்த அதே கதை. அதில் தம்பி சங்கர் தன் வாளிலேயே விழுந்து சாகிறார், அண்ணன் பொன்னரும் அப்படியே. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உடுக்கைப் பாட்டுக்காரர் எதையும் மறைக்கமாட்டார். வசனமாய்ப் பேசிவந்தவர் அந்த இடத்தில் பாட்டுக்கு மாறுவார், உடுக்கையின் அடி தளரும். நாங்கள் அம்மாவின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டோம்.

கயிற்றைத் திரும்ப எழுதினேன், இரண்டே வரியில், அந்தத் தளர்ந்த அடியில். பிறகு ஓவிட்டைப் புரட்டினால், இரங்கிய அதீனா மூலிகைச் சாறு தெளித்துத்தான் அவளைச் சிலந்தியாக்குகிறாள். படுகளத்தில் விழுந்து கிடக்கும் அண்ணன்மாரைத் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்புவது கண்முன் வந்தது. தங்காளுக்கு அது பாசம். அதீனாவின் இரக்கத்திலோ சாபமும் கலந்திருக்கிறது. ஆனாலும் தங்காள் தெளிக்கும் இடத்தின் அடியையே அதீனாவுக்கும் வைத்தேன்.

பாடி, அதீனா தெளிக்கும் வரிக்கு வந்தபோது, பின்வரிசையில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: “தீர்த்தம் தெளிக்கறாங்க.”