வழி காட்டிய கை
திருச்சிக்கு வரும் விருந்தினர், மலைக்கோட்டையையும் லூர்து அன்னை ஆலயத்தையும் கண்டபின், "சாமி, எங்கே சாப்பிடலாம்?" என்று வினவுவர். காவிரியைக் கடந்து, திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை உண்ணுமாறு கூறுவது நம் வழக்கம்.

வேளாங்கண்ணி சென்று திரும்பிய முதியவர் ஒருவருக்கும் அவ்வாறே வழி சொன்னோம். சற்றுத் தயங்கி நின்றவர், சத்திரம் பேருந்து நிலையம் நோக்கித் தனியே நடந்தார். அன்றிரவு பங்கு இல்லத்தில் சோறு மீந்தபோதுதான் அத்தயக்கத்தின் பொருள் நமக்கு விளங்கிற்று.

எம்மாவுச் சீடர்கள் வழிப்போக்கருக்குச் சத்திரத்தைச் சுட்டிக்காட்டவில்லை. தம்முடன் தங்குமாறு வற்புறுத்தினர். அதனாலன்றோ அப்பம் பிட்கையில் ஆண்டவரைக் கண்டுகொண்டனர்!

நெய் தோசையை இன்றும் புகழ்கிறோம். ஆனால் அதற்குமுன், "எங்களோடு சாப்பிடலாமே, ஐயா" என்கிறோம்.