அப்பாவின் துப்பாக்கியும் ஐந்தாம் உட்பிரிவும்

அப்பாவுக்கு எழுபது வயது முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்ணையில் பழைய கோணிச்சாக்கை விரித்து, துப்பாக்கியை மடக்கித் திறந்து வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, இத ஒம் பேருக்கு மாத்திரலாம்னு இருக்கேன்."

பன்னிரண்டு போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி. ராஜபாளையத்தில் ஒரு பேங்கின் வாசலில் பதினைந்து வருடத்துக்கு மேல் அவர் தோளில் தொங்கியது. அந்தத் துப்பாக்கி ஒருமுறைகூட மனிதரைப் பார்த்துச் சுட்டதில்லை. எனக்கு அண்ணன் ஒருவன் திருப்பூரில் இருக்கிறான். அவனிடம் கேட்காமல் ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒரு சமூகப் பணியாளர். வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய் மனு எழுதிக் கொடுப்பதும், சாட்சிகளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போவதும்தான் என் வேலை. கையில் பேனா இருந்தால் போதும் என்று இருந்தவள். "எனக்கு எதுக்குப்பா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் துணியில் எண்ணெய் தொட்டுக் குழலுக்குள் விட்டு இழுத்தார்.

இதை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான். சமீபகாலமாக நம் பிள்ளைகள் சிலர் அரிவாளோடும் நாட்டுத் துப்பாக்கியோடும் ரீல்ஸ் போடுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா 1974இல் இராணுவத்தில் சேர்ந்தார். இஎம்இ பிரிவு, செகந்திராபாத்தில் பயிற்சி. ஆர்மரர் வேலை. துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தார். அவர் கைக்கு அதிகம் வந்தது ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். பிஸ்டல். பெல்ஜியத்தின் பிரௌனிங் பிஸ்டலை அப்படியே உரிமம் வாங்கி இங்கே செய்தது. பதின்மூன்று தோட்டா பிடிக்கும். அதிகாரிகள் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், பழுதானால் அப்பாவிடம் வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன் என்பார். சின்ன வயதில் சிவகாசி சுருள் கேப்பைப் போட்டு நான் வெடிக்கும் தகரத் துப்பாக்கி தீபாவளிக்கு மறுநாளே உடைந்துவிடும். அதையும் அவர்தான் ஸ்பிரிங் மாற்றிக் கொடுப்பார்.

அந்த 9 எம்.எம். பிஸ்டல் ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அது நடக்காது. இராணுவமும் போலீசும் பயன்படுத்துகிற 9 எம்.எம். இங்கே 'தடை செய்யப்பட்ட போர்'. அதற்கு உரிமம் கலெக்டர் தர முடியாது, மத்திய உள்துறை தர வேண்டும். அமெரிக்காவில் பழைய சோவியத் இராணுவத்தின் நாகாந்த் ரிவால்வரும் டோக்கரேவ் பிஸ்டலும் பல வருடம் மலிவு விலைக்குக் கடையில் கிடைத்தன. ஒரு தொழிலாளி வாங்கி, வார இறுதியில் வீட்டு மேசையில் கழற்றிப் போட்டு ரசிக்கலாம். நம் நாட்டிலும் இராணுவக் கிடங்கில் தங்கிப்போன, சேவை வகை அல்லாத துப்பாக்கிகளைப் படையினருக்கு மலிவாகக் கொடுக்கிற வழக்கம் இருந்தது. ராஜஸ்தானில் அதிகாரிகள் சிலர் அவற்றை வெளியாட்களுக்கு விற்று, அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்பாவுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. ஓய்வு பெற்று வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு டார்ச் லைட்டும் கொண்டு வந்தார்.

பேங்க் காவல் வேலைக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டும். முன்னாள் படைவீரர் என்பதால் 1997 தொடக்கத்தில் உரிமம் கிடைத்தது. மதுரையில் ஒரு கடையில் பழைய துப்பாக்கியாகப் பார்த்து வாங்கினார். துடைக்கலாம், எண்ணெய் போடலாம், அவ்வளவுதான். உள்ளே பழுதென்றால் உரிமம் பெற்ற கடைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் நாட்டின் துப்பாக்கிகளைச் சரிசெய்த கை, தன் துப்பாக்கியின் ஸ்பிரிங்கைத் தொடாமல் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டு போகும். அந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் தெருவிலிருந்த தையல் மெஷின்கள் மேலும் மிக்ஸிகள் மேலும் காட்டினார். எங்கள் காலனியில் ரிப்பேர் ஆன பொருள் குப்பைக்குப் போனதே இல்லை.

அவர் உரிமம் வாங்கிய அதே வருடம்தான் விருதுநகர் மாவட்டம் எரிந்தது. புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. தலித் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து ஊர்களிலெல்லாம் வெட்டும் தீவைப்பும். கடைசியில் அரசு என்ன செய்தது? போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. ஒரு பெயரைத் தாங்க முடியாமல் அத்தனை பெயரையும் அழித்தார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. பெண்களும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் படுத்தோம். ஆண்கள் தெருமுனையில் விழித்திருந்தார்கள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். தெருவிலேயே துப்பாக்கி உள்ள ஒரே ஆள். ஆனால் அவர் கையில் இருந்தது டார்ச் லைட் மட்டும். கலவர நேரம், உரிமம் உள்ளவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று ஸ்டேஷனிலிருந்து வந்து சொன்னார்கள். அப்பா அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பழகிய ஆள். மலையடிவாரத் தோப்புகளில் பன்றி விரட்ட என்று வாங்கியிருந்த துப்பாக்கிகள் எத்தனை ஒப்படைக்கப்பட்டன என்று எங்கள் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அந்த ரசீது இன்னமும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பது இந்த நாட்டில் எப்போதும் சாதிக் கேள்விதான். சூத்திரர்களும் தீண்டப்படாதவர்களும் இத்தனை காலம் ஏன் கிளர்ந்தெழவில்லை என்ற கேள்விக்கு, அவர்களிடம் ஆயுதம் இல்லாமல் ஆக்கப்பட்டதை ஒரு முக்கியக் காரணமாகச் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் சொல்கிறார். அவர் தந்தை ராம்ஜி பிரிட்டிஷ் படையில் சுபேதார். அந்த மகர்களைத்தான் 1892இல் இனிப் படைக்கு எடுப்பதில்லை என்று நிறுத்தினார்கள். சென்னைப் படையின் சாப்பர் பிரிவில் பறையர்கள் நிறைந்திருந்த காலம் உண்டு. 'போர்க்குடி' என்ற கோட்பாடு வந்ததும் தெற்கிலிருந்து ஆள் எடுப்பதே சுருங்கியது. 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் உருவானது. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியது என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நம் தாத்தாக்களிடம் பிடுங்க என்ன இருந்தது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் உரிமம் கேட்பவர் பற்றிப் போலீஸ் அறிக்கை வேண்டும். சொத்தும் செல்வாக்கும் உள்ளவருக்கு அந்த அறிக்கை எப்படி வரும், காலனியில் இருப்பவருக்கு எப்படி வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. விலையும் ஒரு தடைதான். பெண்களின் பாதுகாப்புக்கு என்று 2014இல் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வரைக் கொண்டுவந்தது. அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற எந்த அக்கா அதை வாங்குவார்?

இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் விதிகள் 1995இல் வந்தன. மூன்றாம் விதியை எடுத்துப் படியுங்கள். முதல் உட்பிரிவு, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது. மூன்றாம் உட்பிரிவு, தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும் என்கிறது. நான்காவது, சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. ஐந்தாவது, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புக்காகத் தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்கிறது.

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது இந்தச் சட்டம் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதியவள் நான். ஐந்தாம் உட்பிரிவு என் கண்ணில் படவே இல்லை. வேலைக்கு வந்த பிறகு, ராஜபாளையத்துக்கு மேற்கே ஒரு ஊரில், மிரட்டலுக்கு ஆளான வார்டு உறுப்பினர் ஒருவருக்காக மனு எழுதியபோதுதான் படித்தேன். பாதுகாப்பு கேட்டோம். கூடவே ஐந்தாம் உட்பிரிவின்படி உரிமமும் கேட்டோம். ஓர் அரசு அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏம்மா, ஒங்களுக்குத் துப்பாக்கியா?" என்று சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். பதில் வரவில்லை. அந்த அக்கா அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.

சிரித்ததுதான் இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன் பின் அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அகிம்சையின் முகமாக உலகம் அறிந்த மனிதர் அவர். கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியோடு தெருவில் நின்று போலீசைக் கண்காணித்தார்கள். 1967இல் உடனே சட்டம் மாறியது. அந்தச் சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் ஆளுக்கொரு துப்பாக்கி வேண்டும் என்கிறேனா? இல்லை. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் ஓடும் பஸ்ஸை மறித்துக் கூட்டமாக வெட்டினார்கள். அந்த நெரிசலில் இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் முருகேசன் பிழைத்திருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை முதல் குற்றவாளியாக அவர் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். நாற்பது வீடு உள்ள தெரு, நானூறு வீடு உள்ள தெருவோடு ஆயுதத்தில் போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

ரீல்ஸ் போடும் தம்பிகள் இதைக் கவனியுங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. துப்பாக்கி செய்தாலோ விற்றாலோ குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரை போகலாம். ஒரு நாட்டுத் துப்பாக்கியை வைத்து ஒரு தெருவையே ரவுடிப் பட்டியலில் ஏற்றிவிட முடியும். நாளை உண்மையான வன்கொடுமை நடந்தால், "இரண்டு தரப்பும் மோதல்" என்று எழுத அந்த ஒரு வீடியோ போதும். நம் வழக்குகளில் சாட்சி சொல்ல வேண்டிய பிள்ளைகள் ஜாமீனுக்கு அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் அப்பாவிடமும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எனக்கு வேண்டாம், மதுரைக் கடையில் ஒப்படைத்துவிடலாம் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"துப்பாக்கி துருப்பிடிச்சுப் போனாப் போகுது தாயி. அதை வச்சு நான் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்ல. ஆனா லைசன்ஸ் இருக்குல்ல, அது போச்சுன்னா நம்ம தெருவுல இனி எவனுக்கும் கிடைக்காது. இந்தத் தெருக்காரனையும் நம்பலாம்னு கவர்மெண்டு எழுதிக் கொடுத்த காயிதம் அது ஒண்ணுதான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் உட்பிரிவு பற்றி நான் தவறாகவே யோசித்திருந்தேன். அதைத் துப்பாக்கி கேட்கும் விதி என்று நினைத்திருந்தேன். அந்த மனுவை ஏற்றால் "இந்த ஊரில் இவருக்கு ஆபத்து இருக்கிறது, எங்களால் முழுதாகக் காக்க முடியவில்லை" என்று அரசு கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் ஏன் ஆபத்து இல்லை என்று காரணம் எழுத வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு காகிதம் உண்டாகும். வாய்தா வாய்தாவாக நடக்கும் வழக்கில் அந்தக் காகிதத்தின் மதிப்பு என்ன என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சிரித்துத் தட்டிக் கழிக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு உரிமம் கேட்கலாம். அப்பாவுக்கு இரண்டும் பொருந்தும். விண்ணப்பித்துவிட்டேன். வாரிசு என்பதோடு, நான் கையாளும் வழக்குகளையும் எனக்கு வந்த மிரட்டல்களையும் எழுதி, விதி மூன்றின் ஐந்தாம் உட்பிரிவையும் குறிப்பிட்டிருக்கிறேன். அதோடு ஒரு ஆர்.டி.ஐ. மனுவும் போட்டிருக்கிறேன். மூன்று கேள்விகள்: மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அங்கே மூன்றாம் உட்பிரிவின்படி ரத்து செய்த உரிமங்கள் எத்தனை? ஐந்தாம் உட்பிரிவின்படி வழங்கியவை எத்தனை?

நீங்கள் உங்கள் மாவட்டத்தில் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. வரும் பதிலை மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில் வையுங்கள். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கூடவில்லை என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் நான் போக வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒரே சிரிப்பு. இப்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் துடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் துணியை ஈரமாக விட்டுவிடுகிறேன் என்று திட்டுகிறார். விண்ணப்பத்தின் ரசீதை 1997ஆம் வருட ரசீதோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.